விலகல் காலம்

தெய்வசிகாமணி செத்தால் உளவியல் பிழைத்துக்கொள்ளும். தெய்வசிகாமணி பிழைத்துக்கொண்டால் உளவியல் செத்துப்போகும்.

மங்கையர்க்கரசி எப்படிச் சுற்றி வளைத்து யோசித்தாலும் விஷயம் இந்த இரண்டு வரியில்தான் வந்து நின்றது. கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில், இரண்டாம் மாடியில், யாரும் வராத தன் ஆலோசனை அறையில் அவள் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சென்னையிலிருந்து குணசீலன். உளவியல் நிபுணர்கள் சங்கத்தின் செயலாளர். எதிலும் அவசரப்படுகிற மனிதர்.

"மேடம், ஸ்கோர் தெரியுமா? சரிசமம்! பாதிப் பேர் ஜெயிச்சாச்சு, பாதிப் பேர் தோத்தாச்சு. ஆணையத்துலேருந்து இப்பத்தான் சொன்னாங்க. இனிமே பாக்கி உங்க கேஸ் ஒண்ணுதான்."

"உங்க கேஸ் என்ன ஆச்சு?"

"ஜெயிச்சிருச்சு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணு புருஷன்கிட்டயே திரும்பிப் போயிடும்னு கணிச்சிருந்தேன். போயிருச்சு."

"அடிக்கிற புருஷன்."

"ஆமா மேடம்."

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா போயிருக்க மாட்டாளே."

"பேசியிருந்தா என் கணிப்பு தோத்திருக்கும். விதி அதுதானே? கணிச்ச பிறகு கிட்டக்கூடப் போகக் கூடாது." குணசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க யாரைப் பத்தி என்ன சொல்லியிருக்கீங்கன்னு நான் கேக்கலே. கேக்கவும் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். தமிழ்நாடு பூரா நம்ம ஆளுங்க உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாம் காதுப்பொட்டால் வந்த வினை. மிளகளவு வில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் வேர்வையையும் ரத்த ஓட்டத்தையும் மோப்பம் பிடித்து, உள்ளே இருப்பது துக்கமா, பயமா, வெறும் பசியா என்று எண்ணில் சொல்லிவிடும். அரசாங்கம் அதற்கு மனநிலைப் பதிவி என்று பெயர் வைத்தது. ஜனங்கள் காதுப்பொட்டு என்றார்கள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் பொட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு அது ஊரெல்லாம் பரவியது.

அப்போதுதான் அறிவியல் தகுதி ஆணையம் விழித்துக்கொண்டது. 'மனசை அளக்கக் கருவி இல்லை, அதனால்தான் எங்களால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்று இத்தனை காலம் சாக்குச் சொன்னீர்கள். இதோ கருவி. அடுத்த கிரகணம் எப்போது என்று வானியல்காரர் சொல்கிறார். ஒரு மனிதன் அடுத்து என்ன செய்வான் என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்னால் விஞ்ஞானம். இல்லாவிட்டால் கிளி ஜோசியம், கைரேகை எல்லாம் இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள்.' அந்த இடத்துக்குக் கேளிக்கை மற்றும் ஆறுதல் சேவைகள் என்று பெயர். மாத்திரை எழுதுகிற மனநல மருத்துவர்கள் தப்பிவிட்டார்கள். பேசிக் குணப்படுத்துகிறவர்களின் கழுத்தில்தான் கத்தி. தோற்றால் உரிமம் ரத்து. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிறைச்சாலை எங்கேயும் காலெடுத்து வைக்க முடியாது.

சோதனை சுலபமானது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு நிபுணரும் தன் நோயாளிகளில் ஒருவரைக் காட்டி, அவர் செய்யப்போகும் ஒரு பெரிய காரியத்தை முன்கூட்டியே ஆணையத்தின் இயந்திரத்திடம் சொல்லவேண்டும். காபி குடிப்பார், தும்முவார் என்பதெல்லாம் செல்லாது. சொன்னதை இயந்திரம் பூட்டி வைத்துக்கொள்ளும். நேரம் வரும்வரை யாராலும் திறக்க முடியாது. அதுவரை நிபுணர் நோயாளியிடம் பேசக் கூடாது, எதிரில் வரக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. இதற்கு விலகல் காலம் என்று பெயர். மீறுகிறார்களா என்று பார்க்க நிபுணர்களின் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு.

மங்கையர்க்கரசி ஒரே ஒரு தப்புதான் செய்தாள். அவள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தன் நோயாளிகளில் யாரைப் பற்றி மிக நிச்சயமாகத் தெரியுமோ, அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

நிச்சயம் யாரிடம் இருக்கும்? குணமாகிக்கொண்டிருப்பவரிடம் இராது. அவர் நாளைக்கு எப்படியும் மாறுவார். இனி மாற வழியே இல்லாதவரிடம்தான் நிச்சயம் இருக்கும்.

தெய்வசிகாமணி முன்னாள் கண்டக்டர். காந்திபுரம் உக்கடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதியே வயதானவர். பஸ்களெல்லாம் தானாக ஓட ஆரம்பித்த பிறகு, சிங்காநல்லூரைத் தாண்டி இருந்த ஒரு பணிமனையில் அவரை உட்கார வைத்தார்கள்.

"என்ன வேலைங்க அங்கே?" என்று முதல் சந்திப்பில் அவள் கேட்டாள்.

"பச்சை லைட்டைப் பாக்கற வேலைங்."

"புரியலியே."

"ஒரு பெரிய போர்டு இருக்குதுங்க டாக்டரம்மா. பஸ்ஸெல்லாம் நல்லா ஓடுச்சுன்னா பச்சை எரியும். ஏதாச்சும் கோளாறுன்னா சிவப்பு எரியும். சிவப்பு எரிஞ்சா நான் போன் போட்டுச் சொல்லோணும்."

"எரிஞ்சிருக்கா?"

"இன்னை வரைக்கும் ஒருக்காக்கூட இல்லீங்க. பாழாப்போன பஸ்ஸு, ஒரு பஞ்சராச்சும் ஆகக் கூடாதா?"

அவள் சிரித்தாள். அவரிடம் வருகிறவர்கள் யாருமே இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப வருடம். பிள்ளைகள் இல்லை. உடுமலைப்பேட்டையில் ஒரு தம்பி. மகள் கல்யாணத்துக்கு அண்ணனை நேரில் வந்து தட்டு வைத்து அழைக்காமல், போனில் பத்திரிகை அனுப்பிவிட்டான். 'நான் என்ன, ஊர்ப்பட்ட பேர்ல ஒருத்தனா?' என்று இவர் போகவில்லை. 'பெரியப்பனே வரலையா' என்று அவன் முறுக்கிக்கொண்டான். அதோடு சரி. பணிமனையையும் இந்த மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். பச்சை விளக்கைப் பார்க்கவும் ஆள் வேண்டாமாம்.

ஒருமுறை உயிரை விட முயன்று, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டதால் பிழைத்து, அதன் பிறகுதான் அவளிடம் வந்திருந்தார். ஒவ்வொரு முறையும் புலம்பல், கோபம், நடுவே நக்கல். ஆனால் கடைசிச் சந்திப்பில் மனிதர் வேறு மாதிரி இருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"தூக்கமெல்லாம் எப்படிங்க?"

"பஞ்சுல படுத்தாப்பல வருதுங்க."

"தம்பி மேலே கோபம்?"

"அவனும் பாவம், என்ன பண்ணுவானுங். உடுங்க." எழுந்து கும்பிட்டார். "உங்களுக்குத்தான் நொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். நன்றிங்க டாக்டரம்மா."

காதுப்பொட்டின் எண்கள் அமைதி, நிம்மதி, முன்னேற்றம் என்று பச்சையில் ஜொலித்தன. மங்கையர்க்கரசி அவற்றை நம்பவில்லை. கஷ்டப்படுகிறவன் புலம்புவான், சண்டை போடுவான். எல்லாக் கணக்கையும் முடித்துக்கொண்டவன்தான் இப்படி எல்லாரையும் மன்னித்துவிட்டு இஸ்திரிச் சட்டையில் வருவான். கருவிக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.

அதைத் தெரிந்துகொண்ட பெருமிதம் ஒரு நிமிடம் அவளை ஆட்டிவைத்தது. இதுதான் சோதனைக்கு ஏற்ற கேஸ்! கருவியே பிழை சொல்லும்போது நான் சரியாகச் சொன்னேன் என்றால், உளவியல் விஞ்ஞானமா என்று இனி எவன் கேட்பான்? கல்லூரிக் காலத்திலிருந்து அவள் போட்ட சண்டை அது. கூடவே உளவியல் படித்த இளம்பரிதியோடு கான்டீனில் ஆரம்பித்து, கல்யாணம் செய்துகொண்ட பிறகு சமையலறையிலும் தொடர்ந்த சண்டை. 'இது விஞ்ஞானமே இல்லே மங்கை. நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி ஒரு வித்தை. வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிப்பான்' என்பான் அவன். 'வித்தைன்னா எனக்கு வேண்டாம். அளந்து நிரூபிக்கணும்' என்பாள் அவள். அவன் அவளை விட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. சண்டை மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

அந்தச் சண்டையில் ஜெயிக்கிற அவசரத்தில், இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சொன்னாள்: "பணிமனை மூடிய மறுநாளுக்குள் தெய்வசிகாமணி தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வார்."

'பதிவு செய்யப்பட்டது. விலகல் காலம் தொடங்குகிறது' என்றது இயந்திரம், பெண் குரலில், இனிமையாக.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. இந்த உலகத்தில் அவர் சாகப்போகிறார் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அவரைக் காப்பாற்றக் கூடாத ஒரே ஆளும் அவள்.

*

யாரிடம் சொல்லுவது?

ஊரார் மனசையெல்லாம் கேட்டவளுக்குத் தன் மனசைச் சொல்ல ஆள் இல்லை என்பதை அந்த வாரம்தான் அவள் கண்டுபிடித்தாள். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். நோயாளி, நோயாளி, நோயாளி, பிளம்பர், நோயாளி, குணசீலன். அம்மாவின் எண்ணை இன்னும் அழிக்கவில்லை, அம்மாதான் இல்லை.

சாய்பாபா காலனியில் அவள் குடியிருந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது குளிர்பதனப் பெட்டி மட்டும்தான். 'தயிர் புளித்துவிட்டது' என்று அது அறிவித்தது. 'சரி' என்று இவள் பதில் சொன்னாள். ஒரு மாலை மெத்தை விற்கும் இயந்திரக் குரல் போனில் வந்தது.

"மேடம், உங்க குரல் ரொம்பச் சோர்வா இருக்கு. சரியாத் தூங்கறீங்களா?"

"இல்லே" என்றாள்.

"ஏன் மேடம்?"

யாரோ கேட்டுவிட்டார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று ஆரம்பிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க ஏழு அடுக்கு மெத்தையில முதுகுவலிக்குத் தனி..." என்றது குரல். அவள் அதை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தாள்.

பணிமனை மூடும் நாள் வந்தது. அன்று அவள் வாசல்படியைத் தாண்டவில்லை. காலைக் கட்டிப்போட்ட மாதிரி சோபாவிலேயே கிடந்தாள். நான் போனால் நூற்றுக்கணக்கான பேரின் பிழைப்பு போகும். அவர்களிடம் வருகிற ஆயிரக்கணக்கான பேருக்குப் பேச ஆள் இல்லாமல் போகும். ஒருத்தருக்காக அத்தனை பேரையும் பலி கொடுப்பதா? வாதத்தில் எந்த ஓட்டையும் இல்லை. அவள் போகவில்லை.

மறுநாள் காலை காபியோடு செய்தித்தாளைத் திறந்தாள். உள்ளூர்ப் பக்கத்தில், மூலையில், சின்னச் சின்னச் செய்திகளில் கண் ஓடியது. நகைப் பறிப்பு. குழாய் உடைப்பு. சிங்காநல்லூர் என்று ஒரு தலைப்பு வந்ததும் மனசு துள்ளியது. படித்தாள். அது நாய்க்கடி.

ச்சே என்றாள்.

வாயைவிட்டே சொன்னாள். அவர் பெயர் இல்லையே என்று அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. தன் காதாலேயே கேட்ட அந்த 'ச்சே' அவளை எழுப்பி நிறுத்தியது. காபி டம்ளர் சாய்ந்து செய்தித்தாள் முழுக்கப் பரவியது. அதைத் துடைக்கவில்லை. கட்டியிருந்த பழைய புடவையோடு கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

*

சிங்காநல்லூரில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"அட, டாக்டரம்மா! வாங்கொ, வாங்கொ. நீங்க என்னைப் பாக்கவே கூடாதுன்னு ஆணையத்துல சொல்லியிருந்தாங்களே, நீங்களே வந்துட்டீங்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாத்திரமெல்லாம் எங்க போகுது?"

"பக்கத்தூட்டுக்காரருக்குத்தான். நமக்கு எதுக்குங்க இத்தனை?"

"சிகாமணி ஐயா." அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கக் கூடாது என்பது அவள் கற்ற பாடம். "நீங்க உயிரை விடப் போறீங்கன்னு நான் அந்த இயந்திரத்துக்கிட்ட சொல்லியிருக்கேன். இன்னைக்குள்ளே. அது சரியா?"

அவர் கையில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம்னு வெச்சிருந்தனுங்" என்றார். பிறகு அந்தப் பழைய நக்கல் எட்டிப் பார்த்தது. "கரெக்டாத்தானே சொல்லியிருக்கீங்க? நூத்துக்கு நூறு. கம்முனு இருந்திருந்தா பாஸாயிருப்பீங்க. வந்து கெடுத்துப்போட்டீங்களே!"

"ஆமா. கெடுத்துட்டேன்."

"எனக்கு விசயம் தெரியுமுங்க. டிவியில சொல்றான். நீங்கெல்லாம் தோத்தா கடையைச் சாத்தோணுமாமா. நான் ஒருத்தன் போனா உங்காளுக பொழைச்சுக்குவாங்கன்னா, போறதுல ஒரு புண்ணியமாச்சும் இருக்கட்டுமே. எப்படியும் போறவந்தானுங்களே?"

"வாயை மூடுங்க!" என்று கத்தினாள். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியிடமும் அவள் கத்தியதில்லை. "உங்களை வெச்சு நான் பரீட்சை எழுதினேன். அது என் தப்பு. அதுக்கு நீங்க மார்க் போட வேண்டாம்."

தெய்வசிகாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சீவாத தலை. காபிக் கறை படிந்த புடவை.

"செருப்புக்கூடப் போடாம வந்திருக்கீங்."

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம்.

"எனக்காகவா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரருக்காகவா?"

அவர் சிரிக்க முயன்றார். முகம் கோணிக்கொண்டது. தோள் குலுங்கியது. "ஒரு போன் போட்டிருந்தாக்கூட நான் எடுத்திருக்க மாட்டனுங்க டாக்டரம்மா. இந்த ஊட்டுக்கு நேர்ல வந்து ஒரு மனுசர் உக்காந்து எத்தனை வருசமாச்சு தெரியுங்களா?" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவள் அவரை அழவிட்டாள். பிறகு கூடவே கூட்டிக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த ஒரு மனநல மருத்துவரின் வார்டில் சேர்த்தாள். போகிற வழியெல்லாம் டிரைவர் இல்லாத பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு, "உள்ளே போங்கம்மா, படியில நிக்காதீங்க சாமி" என்று அவர் பழக்கதோஷத்தில் ஜனங்களை அதட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேர் முறைத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் பதில் சொன்னார்: "உள்ளே எங்கய்யா எடம்?" தெய்வசிகாமணியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை எந்தக் காதுப்பொட்டு எப்படி எண்ணியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றே உடுமலைப்பேட்டைக்கும் கிளம்பிவிட்டாள். போன் பண்ணவில்லை. நேரில் போய்த் தம்பியின் வீட்டுக் கூடத்தில் நின்று, "உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காருங்க. நீங்க வந்து பாக்கணும். அழைக்க வந்திருக்கேன்" என்றாள். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

இரவு குணசீலனுக்கு ஒரே ஒரு வாக்கியம் அனுப்பினாள். 'நான் போய்விட்டேன்; மன்னியுங்கள்.' பதில் வரவில்லை.

*

ஆணையம் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தது. கிண்டியில் கண்ணாடிக் கட்டடம். மன்னிப்புக் கேட்பதா, வாதாடுவதா என்று ரயிலில் முடிவு செய்ய முடியாமல் வந்தவள், அறைக் கதவைத் தள்ளியதும் இரண்டையும் மறந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இளம்பரிதி. தலை முழுக்க நரைத்திருந்தது.

"உக்காரு மங்கை."

அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. அவள் உட்கார்ந்தாள்.

"இங்க நீ என்ன பண்றே?"

"சோதனையை வடிவமைச்சவன் நான்தான்."

"நான் விதியை மீறிட்டேன். ஒத்துக்கறேன். என்னால எல்லாருக்கும்..."

"நீ ஜெயிச்சுட்டே" என்றான். "உளவியல் விஞ்ஞானம்தான். ஆணையம் நாளைக்கு அறிவிக்கப்போகுது."

"என் கணிப்புதான் பொய்யாயிருச்சே?"

"உன் கணிப்பை யாரும் திறக்கவே இல்லே. எங்களுக்கு அது தேவைப்படலே." இளம்பரிதி கைகளைக் கோத்துக்கொண்டான். "உங்க நோயாளிங்களை நாங்க சோதிக்கலே, மங்கை. உங்களைச் சோதிச்சோம். தன் நோயாளியைத் தொடக் கூடாதுன்னு ஒரு நிபுணரைக் கட்டிப்போட்டா அவர் என்ன செய்வார்? போவாரா, மாட்டாரா? எப்போ? அவங்களை நல்லாத் தெரிஞ்ச இன்னொரு உளவியல்காரர் அதை முன்கூட்டியே சொன்னார். கிட்டத்தட்ட எல்லாமே சரி. குணசீலன் நகர மாட்டார்னு சொன்னோம். நகரலே."

"ஸ்கோர் சரிசமம்னு சொன்னது?"

"நாங்க சொன்னதுதான். நெருக்கடி இல்லாமப் பரிசோதனை ஏது?"

அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. பொட்டு அங்கேதான் இருந்தது.

"என்னைக் கணிச்சது யாரு?"

"மத்தவங்களுக்கு நாலஞ்சு பேர் கிடைச்சாங்க. இதே தொழில்ல இருக்கிற நண்பர்கள், கூட வேலை செஞ்சவங்க, சொந்தக்காரங்க. உன்னை நல்லாத் தெரிஞ்ச ஆளு யாருன்னு தேடித் தேடிப் பாத்தோம்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "என்னைத் தவிர ஒருத்தரும் அகப்படலே."

குளிர்சாதனக் கருவி முனகியது.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள்.

"இருக்கறதுலயே நிச்சயமான நோயாளியைத் தேர்ந்தெடுப்பா. கடைசி நாள் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. அன்னைக்குக் காலையில, பேப்பர் பாத்த பிறகு கிளம்புவா. போன் பண்ண மாட்டா. நேர்ல போவா."

"பேப்பர் பாத்த பிறகுன்னு எப்படி?"

"உனக்கு உன் மேலேயே வெறுப்பு வந்தாத்தான் நீ எதையும் செய்வே. அதுவரைக்கும் வாதம்தான் பண்ணுவே."

கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரும். அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாளே, இங்கே ஒருவன் அவளை வரி வரியாக நினைவில் வைத்திருக்கிறான். அந்த அறையில், அந்த நிமிடத்தில், அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்.

பிறகு கோபம் வந்தது.

"நான் போகாம இருந்திருந்தா?"

"போவே."

"போகலேன்னா, பரிதி? சாயங்காலம்னு வெச்சிருந்தார் அந்த மனுஷன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "எந்த விஞ்ஞானத்துலயும் பிழை விகிதம்னு ஒண்ணு உண்டு."

"அந்தப் பிழை விகிதம் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மூட்டை கட்டிக்கிட்டு இருந்தது. நான் பாத்தேன். நீ பாக்கலே."

இளம்பரிதி மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினான்; அடுக்கியதையே மறுபடி அடுக்கினான். இவனுக்கும் ராத்திரியில் குளிர்பதனப் பெட்டிதான் பேசும் போலிருக்கிறது.

"இது விஞ்ஞானமே இல்லே, வித்தைன்னு சொல்லுவியே?"

"நீ சொன்னதுதான் சரின்னு இப்ப நிரூபிச்சிருக்கேன். சந்தோஷமா இல்லியா?"

"என்னை இவ்வளவு தெரிஞ்சவன் ஏன் விட்டுட்டுப் போனே?"

"அதைத்தான் என்னால கணிக்க முடியலே" என்றான். அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவள் எழுந்தபோது மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்: "இப்ப இங்கேயிருந்து வெளியே போய் நீ என்ன செய்யப்போறேன்னும் பதிவு பண்ணியிருக்கேன்."

"என்ன?"

"சொன்னா மாறிடும்."

*

சாலையில் வெயில் கொளுத்தியது. காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துப் பொட்டைப் பிய்த்து எறிந்தாள். எறிந்தவுடன், இதையும் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. ரயிலைப் பிடித்து ஊருக்குத் திரும்பினால்? சொல்லியிருப்பான். கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தால்? அதையும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் முன்கூட்டியே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தனியாக இருப்பது ஒரு கஷ்டம். தனியாக இருக்கவும் விடாமல் ஒருவன் தலைக்குள் உட்கார்ந்திருப்பது வேறு கஷ்டம்.

போன் அடித்தது. குணசீலன் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தார்.

"மேடம்! ஜெயிச்சுட்டோம்! இப்பத்தான் சொன்னாங்க! நீங்க போனதாலதான் ஜெயிச்சோமாம்! எனக்கு ஒண்ணுமே புரியலே, ஆனா ஜெயிச்சுட்டோம்!"

"குணசீலன், அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"புருஷன்கிட்டத் திரும்பிப் போனவ."

மறுமுனையில் சந்தோஷம் சட்டென்று அணைந்தது. "சுகுணா" என்றார். "பெரம்பூர்ல இருக்கு."

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்லே மேடம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? எனக்குத் தைரியம் இல்லே."

"தெரியும். வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அது நிற்பதற்குள் ஒரு யோசனை குறுக்கே வந்து விழுந்தது. பரிதி இதைத்தான் சொல்லியிருப்பான். சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போவாள் என்றுதான் பதிவு செய்திருப்பான். அப்படியானால் இப்போது அவள் போகாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இந்த நடைபாதையிலேயே நின்றால் போதும். அவன் தோற்பான். அவள் யார் கணக்குக்குள்ளும் அடங்காத மனுஷி என்று ஆகிவிடும்.

"எங்கேம்மா போகணும்?" என்றார் ஆட்டோக்காரர். "ஏறுறியா, இல்ல வெயில் காயுறியா?"

"பெரம்பூர்" என்றாள்.

சொல்லியிருந்தால் சொல்லியிருக்கட்டும்.

வண்டி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல் தாண்டியிருந்தது. குறுகலான சந்து. மாடிப்படி. ஆண் செருப்பு எதுவும் வாசலில் இல்லை. உள்ளே குக்கர் விசில் அடித்து நின்றது. மங்கையர்க்கரசி கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து பயந்த குரல் கேட்டது.

என்ன பதில் சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. டாக்டர் என்பதா? குணசீலனின் ஆள் என்பதா? இவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் கதவைச் சாத்துவாளா, அழுவாளா, உள்ளே வா என்பாளா? எதுவும் தெரியவில்லை. நிச்சயமாக ஒன்றுகூடத் தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.